கம்பத்திலிருந்து இருபது கவடு

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில் விழுந்த இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்த காலையில்தான் என் தங்கையின் கணவரைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். கூட வேலை செய்தவர் காட்டினார். மட்டக்களப்புப் பட்டினத்து உதைபந்தாட்ட மைதானத்தைப் பெருப்பிக்கிறார்கள், அதை ஒட்டி வாவிக்கரையில் இருக்கும் கானிவல் திடலையும் புதிதாக்குகிறார்கள் என்று யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. முதலில் ஒரு பெக்கோ இயந்திரம் மண் அள்ளியது. பிறகு கம்பி கட்டுகிற ஆட்கள் வந்தார்கள். பிறகு மச்சான் வந்தார். தலையைப் படிய வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். வீடியோ எடுக்கப்போகிறார்கள் என்று முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும்.

"இஞ்ச எங்கட கச்சான் கடை முப்பது வருசமா இரிக்கி," என்றார். "இப்ப கல்லுக்கடையாக் கட்டித் தரப்போறாங்க. சந்தோசம்தான்."

வலை தண்ணீருக்குள் கிடக்க, நான் அந்தத் துண்டைத் திரும்பவும் போடச் சொன்னேன். மூன்று தரம் பார்த்தேன். அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்து பதினொரு வருடம். நிலக்கடலை வறுத்து விற்கும் அந்தக் கடை என் அம்மாவினுடையது. மீதிப் பத்தொன்பது வருடத்தை அவர் எங்கேயிருந்து எடுத்தார் என்று எனக்குள் கணக்குப் பார்த்தேன். கூட இருந்தவர், "ஒங்கட ஆளா?" என்று கேட்டார். "தெரிஞ்ச ஆள்," என்றேன்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கடையை எடுப்பதற்காகத்தான் போனேன். வேறு காரணம் எதுவும் இருந்ததாக இப்போது எழுதினால் அது பொய்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டிய வீட்டுக்குப் போய்ச் சேருவான். இதில் யாரும் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. நானும் கட்டியிருந்தால் எனக்கும் ஒரு வீடு, ஒரு கிணறு, குறை சொல்ல ஒரு மாமி என்று கிடைத்திருக்கும். சித்தாண்டியில் ஓர் இடத்தில் பேசினார்கள். பேச்சு முற்றிவந்த நேரத்தில் வெளிநாட்டு விசா வந்தது, போய்விட்டேன். அதன் பிறகு யாரும் பேசவில்லை. அப்பா பிரச்சினைக் காலத்தில் ஒரு காலை வெளியே போனவர், வரவில்லை. அதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை. அம்மா கச்சான் வறுத்து எங்கள் இருவரையும் வளர்த்தா. நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். பள்ளிக்கூடம் என்னைத் துரத்தவில்லை. ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். வயல் வட்டைகளில் வெள்ளாமை வெட்டினேன், பெரியகல்லாற்றில் வள்ளத்தில் போனேன், கொழும்பில் மூட்டை சுமந்தேன். வளைகுடா நாடொன்றில் பெரிய உதைபந்தாட்ட அரங்கில் பார்வையாளர் நாற்காலி பூட்டினேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். ஒருவர் வெயிலில் விழுந்து எழும்பவில்லை. அன்றைக்கு அரைநாள் லீவு தந்தார்கள். அரங்கம் திறந்தபோது நாங்கள் வேறொரு கட்டிடத்தில் இருந்தோம். நான் பூட்டிய நாற்காலியில் யார் இருந்தார்கள் என்று தெரியாது.

அம்மா செத்தபோது நான் அங்கேதான். வீடு தங்கைக்குப் போனது. அது முறை. கடை யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அடுத்த கானிவலுக்கு மச்சான் போய் அம்மாவின் இடத்தில் கச்சான் வறுக்கிற தாச்சியை வைத்தார். அவ்வளவில் அது முடிந்துவிட்டது.

மச்சானும் நானும் ஒரே வகுப்பு, ஒரே அணி. நான் கோல் காத்தேன், அவர் முன்னால் ஆடினார். அவர் கோல் அடித்த நாட்களை ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் விட்ட கோல்களையும் சொல்வார்கள். என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர், தங்கையைக் கட்டியபின் 'நீங்க' என்று மாறினார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் என்ன பிழை என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் நான் இறங்கியபோது அவருடைய செருப்பு படியின் வலது பக்கத்தில் சோடியாகக் கிடந்தது. அந்த இடத்தில்தான் ஒரு காலம் என் செருப்பை விடுவேன். நான் இடது பக்கத்தில் விட்டேன். நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. அவர் உள்ளே இருந்து ஒரு சொல் சொன்னார், நாய் படுத்துவிட்டது.

"மச்சான், வாங்க வாங்க. சொல்லாமக் கொள்ளாம வாறீங்க," என்று என் பையை வாங்கினார். "இஞ்ச பாருங்க கா, ஆரு வந்திரிக்கி எண்டு," என்று உள்ளே தங்கைக்குக் குரல் கொடுத்தார்.

தங்கை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, மெலிஞ்சி போனீங்க. ஹோட்டல்ல சாப்பாடு தாறதில்லையா?"

"அங்க வெள்ளக்காரனுக்குத்தான் சாப்பாடு," என்றேன்.

மத்தியானம் கொடுவா மீன் குழம்பு. அவருக்கு வைத்த நடுத்துண்டை எடுத்து என் சோற்றுக் கோப்பைக்குள் போட்டார். நான் வேண்டாம் என்றேன். "சாப்பிடுங்க, எனக்கு நாளைக்கும் கிடைக்கும்," என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நாளைக்கும் கிடைக்கும் என்று ஒரு மனிதனுக்கு எவ்வளவு இலேசாகச் சொல்ல முடிகிறது.

கடையைப் பற்றி நான் கேட்காமலே தங்கை சொன்னாள். வேலை தொடங்கியபோது கச்சான்காரர், வடைக்காரர் எல்லோரையும் ரோட்டோரத்துக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். இப்போது திடல் முடியப்போகிறது. நடைபாதைக்குக் கல் பதித்து, விளக்குப் போட்டு, ஒரே அளவில் கடைகள் வரும். முன்பு இடம் வைத்திருந்தவர்களுக்கே முதல் உரிமை. ஆனால் யாரிடமும் காகிதம் இல்லை. ஆகையால் ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் தங்கள் தங்கள் பழைய இடத்தில் போய் நிற்க வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் 'ஓம், இது இவங்கட இடம்' என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

"ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் வந்து கேட்டா?" என்று கேட்டேன்.

"அந்த இடத்த ஆருக்கும் குடுக்காம சீட்டுக் குலுக்கலுக்குப் போடுவாங்களாம். வெளியாக்களும் சேர்ந்து குலுக்கலாம்." தங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எங்களுக்கு என்ன, எங்களுக்குள்ள ஆரு வரப்போறா?"

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. "கொஞ்சம் சொதி விடுங்க மச்சானுக்கு," என்றார்.

நான் திரும்பிப் போகவில்லை என்பதைக் கண்டு, இரண்டு நாளில் அவரே எனக்கு ஒரு வேலை எடுத்துத் தந்தார். திடலில் கல் பதிக்கும் பாஸிடம் சொல்லியிருந்தார். லொறியில் வரும் கொங்கிறீட் கற்களை ரோட்டுப் பக்க வாசலில் இறக்கி அடுக்கும் வேலை. மைதானம் தகர வேலிக்கு அப்பால் இருந்தது. தகரத்துக்கு மேலால் புதிய அரங்கின் கூரை தெரிந்தது. வாவிப் பக்கத்துக் கோல் கம்பத்தின் மேல் தடியும் தெரிந்தது, புது வெள்ளைப் பெயின்றில். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே கல் இறக்கினேன்.

கல் இறக்குபவர்களில் ஒருவருக்கு வாய் ஓயாது. நான் வெளிநாட்டில் அரங்கம் கட்டியவன் என்று எப்படியோ கேள்விப்பட்டுவிட்டார்.

"இவர் உலகக் கிண்ணத்துக்கே கதிர பூட்டின ஆள்," என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார். "மறுகா ஏன் இஞ்ச வந்து கல்லுச் சுமக்கிறீங்க? இஞ்சயும் கதிர பூட்டக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. உயரம் பயம் எண்டு சொல்லிட்டன்."

"ஒங்கட மச்சானப் பாருங்க. கச்சான் வறுத்தே கல்லுக்கடைக்கு வந்திட்டார். ஒரே இடத்தில இரிக்கிற ஆளுக்குத்தான் எல்லாம் வரும்."

அவர் பகிடிக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் வரைக்கும் அந்தச் சொல்லைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன், கல்லை விடப் பாரமாக.

மச்சான் ரோட்டோரத்தில் தாச்சி வைத்திருந்த இடம் நாங்கள் கல் இறக்கிய வாசலிலிருந்து தெரியும். மணலைச் சூடாக்கிக் கச்சானைப் போட்டுக் கிளறும்போது அவர் அகப்பையைத் தாச்சி விளிம்பில் இரண்டு தரம் தட்டுவார். அம்மாவும் அப்படித்தான் தட்டுவா. அதை அவருக்கு யார் காட்டித் தந்தது? அம்மாவோடு கடைசி நாலைந்து வருடம் இருந்தவர் அவர்தான். நான் அனுப்பிய பெட்டிகளில் சவர்க்காரமும் பால்மாவும் இருந்தன. அந்தத் தட்டலைக் கேட்ட அன்று எனக்கு உறுதியாயிற்று, குறித்த நாளில் போய் நிற்பதென்று. குலுக்கலுக்குப் போனால் எங்கள் யாருக்கும் கிடைக்காமல் போகலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் நினைத்தேன். எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். தங்கையின் இரண்டு பெண்பிள்ளைகள் அந்தக் கடையில்தான் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அது என்னால் முடிந்தது.

அம்மாவின் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. ஒருகாலத்தில் கச்சான்காரர்கள் கோலுக்குச் சரி பின்னால் இருந்து விற்றார்கள். ஒரு போட்டியில் மேலால் போன பந்து அம்மாவின் தாச்சிக்குள் விழுந்து, கொதி மணல் தெறித்துக் கை வெந்தது. அன்றைக்கு மைதானக் காவலாளி ஒரு சட்டம் போட்டார்: வலது கம்பத்திலிருந்து இருபது கவடுக்கு அங்கால்தான் யாரும் இருக்கலாம். கவடு என்றால் கால் நீட்டி வைக்கும் ஓர் எட்டு. அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கானிவல் கூடாரக்காரர்கள் வந்து போனால் திடலில் ஓர் அடையாளமும் மிஞ்சாது. கானிவலுக்கு முதல்நாள் அம்மா கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்று, வாவியைப் பார்த்து இருபது கவடு வைப்பா. முடிந்த இடத்தில் குந்துவா. மற்றவர்கள் அம்மாவின் இடத்தை வைத்து இடதும் வலதுமாக இருப்பார்கள். அம்மா உயரத்தில் கட்டை. அவவுடைய இருபது கவடு எனக்குப் பதினாறு. அதை நான் எத்தனையோ தரம் நடந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் படுக்கையில் கிடந்தபோது மனதுக்குள்ளும் நடந்திருக்கிறேன்.

குறித்த நாள் விடிந்ததும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். தகர வேலியைக் கழற்றியிருந்தார்கள். திடல் முழுக்கச் சரளைக் கிரவல் போட்டு மட்டமாக்கிக் கிடந்தது. பழைய மதில் இல்லை, தண்ணீர்த்தொட்டி இல்லை. வாவி மட்டும் அதே இடத்தில் இருந்தது. ஒருவரும் வந்திருக்கவில்லை. நான் வலது கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். பெயின்று காய்ந்திருந்தது. பதினாறு கவடு வைத்தேன். கதிரையைப் போட்டு இருந்தேன்.

கோல் காக்கிறவனுக்கு அவனுடைய கம்பம்தான் உலகத்தில் அசையாத பொருள். பந்து அசையும், எதிரி அசைவான், சொந்த அணிக்காரனும் தன் இடத்தில் நிற்கமாட்டான். கம்பத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வடை விற்கும் அக்கா. அம்மாவுக்கு இடது பக்கத்தில் இருந்தவ. அவ என்னைப் பார்த்தா, கை காட்டினா, எனக்குப் பக்கத்தில் வரவில்லை. பழைய பார்வையாளர் மண்டபத்தின் ஒரு மூலையை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே போய், அதன் படியிலிருந்து ஏதோ அளந்து, எனக்கு மிக முன்னால், மைதானத்துப் பக்கமாக நின்றுகொண்டா. பிறகு காத்தான்குடியிலிருந்து ஐஸ்கிறீம் கொண்டுவரும் காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாவுக்கு வலது பக்கத்து ஆள். அவரும் அங்கேயே போனார். இருவருக்கும் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. இவர்கள் பிழையான இடத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாவம், மறந்துபோனார்கள் என்றுகூட நினைத்தேன்.

"தம்பி," என்று அக்கா குரல் கொடுத்தா. "அங்க ஏன் குந்திக்கிட்டு இரிக்கீங்க?"

"என்ட இடத்திலதான் இரிக்கன்."

"ஒங்கட இடமா? அவடத்த கக்கூசல்லவா வருகுது."

காக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "டேய், கதிரையும் கொண்டு வந்திரிக்காய். வசதியாத்தான் போகப்போறாய்."

"கம்பத்தில இருந்து இருபது கவடு, காக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னிடம் நடந்து வந்தார். அவர் வைத்த கவடுகளை நான் எண்ணினேன், பதின்மூன்று.

"கம்பத்தப் பேர்த்தல்லவா நட்டிரிக்காங்க," என்றார். "பட்டினத்துப் பக்கம் புது அரங்கு வந்த உடன இடம் காணாமப் போச்சு. கிரவுண்ட அப்படியே வாவிப் பக்கமா இழுத்தாங்க. போன வருசம். நீ இஞ்ச இல்ல. நாங்க எல்லாம் இப்ப அந்தப் படியில இருந்துதான் அளக்கிற. ஒனக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? எல்லோருக்கும் தெரிந்த விடயம். இரண்டு கிழமை அந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே கல் இறக்கினேன். புதுப் பெயின்று என்று கண்டேன், புது இடம் என்று காணவில்லை. ஊர் மாறும் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் பழகியவன். கோல் கம்பம் நடந்து போகும் என்று என் புத்தியில் படவே இல்லை.

"எதுக்கு வந்து நிக்கிறாய்?" என்று காக்கா மெதுவாகக் கேட்டார். அக்காவுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தியிருந்தார். "ஒங்கட மச்சானுக்குச் சாட்சி சொல்லவா, இல்லாட்டி...?"

நான் குனிந்து கதிரைக் காலடியில் கிடந்த கிரவலை ஒதுக்கினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. திரும்பித் தன் இடத்துக்குப் போனார்.

அப்போது மச்சான் சைக்கிளில் வந்தார். நேரே அந்த வெறுமையான இடத்துக்குப் போய், ஸ்ராண்ட் போட்டு, எதையும் அளக்காமல் நின்றார். அவர் காலுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. பிறகுதான் என்னைக் கண்டார். கதிரையையும் கண்டார். நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

மாநகர சபையிலிருந்து உத்தியோகத்தர் வந்தார். இளம் பெண், தொப்பி போட்டு, வரைபடமும் விண்ணப்பத் தாள்களும் வைத்திருந்தார். கூட ஒருவர் மரக்கட்டைகளும் சுத்தியலும் கொண்டு வந்தார். எழுதி முடிந்த இடத்தில் கட்டை அடிப்பதற்காக. வரிசையின் ஒரு நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் இருந்தது வரிசைக்குப் பின்னால். அந்தப் பெண் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க எந்த இடத்துக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா, காக்கா, மச்சான். பதின்மூன்று கவடு நடந்து போய், 'இந்த இடம் என் தாயினுடையது, நான் மூத்த பிள்ளை' என்று சொன்னால் போதும். கட்டை அடிக்கமாட்டார்கள். தாள் குலுக்கல் கட்டுக்குப் போகும். அதற்காகத்தான் வந்தேன், கதிரையும் கொண்டு வந்தேன். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன். அதைக் காண வேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஆசைப்பட்டிருந்தேன். கண்டபோது நன்றாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

"நான் கல்லு இறக்குற ஆள், மிஸ்," என்றேன். "வேல தொடங்குமட்டும் சும்மா இரிக்கன்."

நல்ல மனம் வந்து சொல்லவில்லை. மலசலகூடத்து இடத்தில் கதிரை போட்டு இருந்தவன் எழும்பிப் போய் உரிமை கேட்டால் அங்கே நின்ற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து சொன்னேன். சரியான இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண் மச்சானிடம் போனார். அக்கா 'ஓம்' சொன்னா. காக்கா 'ஓம்' சொன்னார், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு.

"ஒங்கட முழுப்பேர்?" என்று அந்தப் பெண் பேனாவைத் திறந்தார்.

"என்ட பேர் வேணாம் மிஸ்," என்றார் மச்சான். "அவட பேரப் போடுங்க, என்ட பொஞ்சாதிர. இது அவட தாய்ர இடம்."

"நீங்கதானே நடத்துறீங்க?"

"நடத்துறதுதான். இடம் அவட."

நான் கதிரையிலிருந்து எழும்பினேன். எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அம்மாவுக்குப் பிறகு அவர் வறுத்த கச்சான், அவர் தட்டிய அகப்பை. கேட்டிருந்தால் அவர் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவர் இருக்கும் வீடு தங்கையினுடையது. கிணறு தங்கையினுடையது. இப்போது கடையும். இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு சைக்கிள் மட்டும்தான் இருந்தது. நான் இத்தனை வருடம் பொறாமைப்பட்ட ஆளிடம் என்னிடம் இருந்த அளவுதான் இருந்தது. அது தெரிந்தபின்னாவது பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை என்பதைப் பார்த்து இன்னும் மூண்டது.

அந்தப் பெண் தாளை அவரிடம் நீட்டி, நிரப்பித் தரச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். மச்சான் என்னிடம் வந்தார்.

"மச்சான், நீங்க எழுதுங்களன். என்ட எழுத்து கோழி கிண்டின மாதிரி."

கதிரையின் மேல் தாளை வைத்து, முழங்காலில் நின்று எழுதினேன். இடத்துக்கு உரியவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர். முன்பு இடத்தை வைத்திருந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். உறவுமுறை, மகள். தொழில் நடத்துபவர் என்ற இடத்தில் மச்சானின் பெயர். அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சில் வெற்றிலை மணத்தது. நிரப்ப வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு இருந்தது, அது தங்கைக்கு.

உத்தியோகத்தர் திரும்பி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "ஆரு எழுதினது? வடிவான எழுத்து."

"எங்கட மச்சான், மிஸ். படிக்கிற காலத்தில வகுப்பில முதலாம் பிள்ள."

நான் ஒருநாளும் முதலாம் பிள்ளையாக இருந்ததில்லை. பதினெட்டு, இருபது என்று வருவேன். அவருக்கு அது தெரியும், பக்கத்து வாங்குப் பலகையில்தான் இருந்தார். எந்தத் தேவையும் இல்லாமல் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்ததைத் தானும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

கட்டை கொண்டுவந்தவர் வரிசையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தார். ஒரு கட்டையையும் சுத்தியலையும் எங்களிடம் தந்து, நீங்களே அடியுங்கள் என்று விட்டுவிட்டார். கிரவல் இறுகிக் கிடந்தது. தனி ஆள் பிடித்து அடிக்க முடியாது.

"பிடியுங்க மச்சான்," என்றார். "கையப் பாத்து."

குந்தியிருந்து இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்தேன். என் கைக்கு மேலால் சுத்தியல் ஏறி இறங்கியது. ஒரு அடியாவது பிசகி என் விரலில் படும், நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை நேராக இறங்கியது. நாலே அடி. அதில்கூட அவரைப் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.